சர்க்கார் கம்ப்யூட்டரும் நமது இரகசியமும்

(சர்க்கார் சிப்பந்திகள் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று இக்கூட்டத்தில் என்னைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம், சர்க்கார் கம்ப்யூட்டர்களில் இருக்கிற மக்களுடைய விவரங்கள் வெளியே கசிந்து போகாமல் தடுப்பது எப்படி என்பதாகும். தலைவர் அவர்கள் தமது முன்னுரையில் என்னை இவ்விஷயத்தில் நிபுணன் என்பதாகச் சொன்னார். நான் அப்படிப்பட்ட நிபுணன் அல்ல. சுமார் இருபது வருஷ காலம் கம்ப்யூட்டர் வைத்திருந்த ஆபீசுகளில் குமாஸ்தா வேலை பார்த்தவன். அதன்பின் இது சம்பந்தமான விசாரணை ரிப்போர்ட்டுகளைப் படித்துப் பார்த்தவன். அவ்வளவுதான். ஆதலால் நான் சொல்வதை நான் சொன்னேன் என்பதற்காக நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. நாளைக் காலையில் உங்கள் ஆபீசில் போய்ப் பொருத்திப் பாருங்கள். சரி என்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

முதலாவதாக, இரகசியம் என்கிற வார்த்தையைப் பற்றி ஒரு சங்கதி சொல்லிவிட வேண்டும். சர்க்கார் இரகசியம் என்பது வேறு. சர்க்கார் கையில் இருக்கிற நமது இரகசியம் என்பது வேறு. ஜனங்களுக்குத் தெரியாமல் சர்க்கார் செய்கிற காரியத்தை மூடி வைப்பதற்கு நான் வழி சொல்ல வரவில்லை. 2013-ல் அமெரிக்காவில் எட்வர்ட் ஸ்நோடன் என்கிற காண்ட்ராக்ட் சிப்பந்தி, அந்த சர்க்கார் தன் ஜனங்களின் டெலிபோன் கணக்கை, அதாவது யார் யாரிடம் எப்பொழுது எவ்வளவு நேரம் பேசினார் என்கிற கணக்கை, மொத்தமாக வாரிச் சேர்த்து வைத்திருந்ததை வெளியிட்டார். 2015-ல் அந்நாட்டு அப்பீல் கோர்ட்டு ஒன்று, அப்படிச் சேர்ப்பதற்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்றே தீர்ப்புச் சொல்லிற்று. அதைக் கசிவு என்று திட்டுகிறவர்கள் திட்டட்டும். நான் பேச வந்தது அதுவல்ல. நம்முடைய பெயர், வயது, வியாதி, கடன், கைரேகை ஆகியவற்றை வேறு வழியில்லாமல் நாம் கொடுக்க, சர்க்கார் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறதே, அது கள்ளன் கைக்குப் போகாமல் இருப்பதைப் பற்றியே பேசுகிறேன்.

இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சற்று விரிவாகச் சொல்லுகிறேன். ஏன் அமெரிக்கா என்றால், அங்கே யோக்கியர்கள் அதிகம் என்பதற்காக அல்ல. திருட்டுப் போனபிறகு, அது எப்படிப் போயிற்று என்பதை அந்நாட்டு ஜனப்பிரதிநிதிகள் சபையின் கமிட்டி ஒன்று விசாரித்து, 2016 செப்டம்பரில் ஒரு நீண்ட ரிப்போர்ட்டை யாரும் படிக்கும்படி வெளியிட்டுவிட்டது. நம் நாட்டில் இப்படிப்பட்ட ரிப்போர்ட்டுகள் கைக்குக் கிடைப்பது அருமை. ஆகவே, கிடைக்கிற இடத்திலிருந்துதானே பாடம் படிக்க முடியும்?

வாஷிங்டனில் சர்க்கார் சிப்பந்திகள் நிர்வாக ஆபீசு என்று ஒன்று உண்டு. ஓ.பி.எம். என்று சுருக்கிச் சொல்வார்கள். மத்திய சர்க்காரில் இரகசியப் பொறுப்புள்ள வேலைக்குப் போகிறவர்கள் நூறு பக்கத்துக்கு மேற்பட்ட ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுக்க வேண்டும். அதில் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? இதுவரை எந்தெந்த வீட்டில் குடியிருந்தாய், அப்பொழுது உன்னை அறிந்தவர் யார், உற்றார் உறவினர் யார், அயல் நாட்டில் யாரைத் தெரியும், கடன் பாக்கி உண்டா, போலீசு பிடித்ததுண்டா, போதைப் பழக்கம் உண்டா, மனநோய்க்கு வைத்தியம் செய்துகொண்டதுண்டா, இவ்வளவும் கேட்கிறார்கள். கட்டினவளிடம்கூடச் சொல்லாததை அந்தக் காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாவிட்டால் வேலை இல்லை. பொய் எழுதினால் குற்றம்.

2014 மார்ச்சு மாதத்தில் ஓ.பி.எம். நெட்வொர்க்கில் திருடன் புகுந்திருப்பது தெரியவந்தது. அவர்களாகக் கண்டுபிடிக்கவில்லை; வேறோர் இலாகா சொல்லித் தெரிந்தது. உடனே விரட்டினால் அவன் எங்கெங்கே பதுங்கியிருக்கிறான் என்பது தெரியாமல் போய்விடும் என்று, இரண்டு மாத காலம் அவனைக் கவனித்துக்கொண்டே இருந்து, மே 27-ந் தேதி ஒரே மூச்சில் விரட்டினார்கள். அந்த யோசனையே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், இவர்கள் ஒருவனைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதே, மே 7-ந் தேதி இரண்டாவது ஆள் ஒருவன் உள்ளே வந்துவிட்டான். கன்னம் வைத்து வரவில்லை. ஓ.பி.எம்.முக்கு விசாரணை வேலை செய்து கொடுக்கிற காண்ட்ராக்ட் கம்பெனிச் சிப்பந்தி ஒருவருடைய பெயரும் பாஸ்வேர்டும் அவன் கையில் இருந்தது. அதைப் போட்டான், கதவு திறந்தது, மாப்பிள்ளை மாதிரி உள்ளே நடந்து வந்தான்.

முதல் திருடனை ஒழித்தாயிற்று என்று ஆபீசு நிம்மதியாக மூச்சு விட்டது. அவன் என்ன எடுத்துப் போனான் என்று பார்த்தபோது, அந்தக் கம்ப்யூட்டர்களின் அமைப்பைப் பற்றிய கையேடுகளே போயிருந்தன. அது பெரிய சங்கதி அல்ல என்று சொல்லிவிட்டார்கள். வீட்டின் வரைபடம் திருட்டுப் போனால், நகை போகவில்லையே என்று சந்தோஷப்படுவதா? இரண்டாமவன் உள்ளேயே இருந்தான். அந்த ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மேலே சொன்ன படிவங்களை அள்ளினான். டிசம்பரில் சிப்பந்திகளின் சர்வீஸ் விவரங்களை அள்ளினான். 2015 மார்ச்சில் கைரேகைகளை அள்ளினான். 2015 ஏப்ரல் 15-ந் தேதிதான் அவனைக் கண்டார்கள். எப்படி என்றால், ஓ.பி.எம். பெயரைத் தாங்கியிருந்தாலும் ஓ.பி.எம்.முக்குச் சொந்தமில்லாத ஓர் இணைய விலாசத்தோடு உள்ளேயிருந்த மெஷின் ஒன்று ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. அந்த விலாசம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்தால், ஸ்டீவ் ராஜர்ஸ் என்று இருந்தது. அது அமெரிக்கப் பிள்ளைகள் படிக்கும் படக்கதையில் தேசத்தைக் காப்பாற்றுகிற வீரனுடைய பெயர்! திருடனுக்கு வேடிக்கையும் தெரிந்திருக்கிறது.

கணக்கைக் கேளுங்கள். சர்வீஸ் விவரம் போனது 42 லட்சம் பேருக்கு. படிவ விவரம் போனது 2 கோடியே 15 லட்சம் பேருக்கு. இதில் 18 லட்சம் பேர் வேலைக்கு மனுப்போட்டவர்களே அல்ல. மனுப்போட்டவருக்குப் புருஷனாகவோ பெண்சாதியாகவோ கூடக் குடியிருந்தவராகவோ இருந்த குற்றத்துக்காக அவர்கள் பெயர் அதில் இருந்தது. கைரேகை முதலில் 11 லட்சம் என்றார்கள். அந்த செப்டம்பரில் 56 லட்சம் என்று திருத்தினார்கள். பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். பத்து விரலை எங்கே போய் மாற்றுவது?

தோழர்களே! இது எதிர்பாராமல் வந்த விபத்தா என்றால், இல்லவே இல்லை. அந்த ஆபீசுக்குள்ளேயே தணிக்கை செய்கிற உத்தியோகஸ்தர் ஒருவர் வருஷா வருஷம் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். 2014 நவம்பரில் அவர் எழுதியது என்னவென்றால், ஓ.பி.எம்.மின் 47 பெரிய கம்ப்யூட்டர் அமைப்புகளில் 11, பரிசோதனை செய்து பாதுகாப்பானது என்கிற அனுமதி இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை மூடுவதைப் பற்றி யோசியுங்கள் என்பதாகும். மூடினால் வேலை நின்றுபோகும் என்று ஓட்டிக்கொண்டே போனார்கள்.

இன்னொன்றும் எழுதினார். 2004-லேயே ஜனாதிபதியின் உத்தரவு ஒன்று பிறந்திருந்தது. சர்க்கார் சிப்பந்திகள் எல்லோருக்கும் ஒரே மாதிரியான அடையாளக் கார்டு கொடுக்க வேண்டும், கட்டடத்தில் நுழைவதற்கும் கம்ப்யூட்டரில் நுழைவதற்கும் அதுவே சாவியாக இருக்க வேண்டும் என்பது அந்த உத்தரவு. கார்டு அச்சடித்துக் கொடுத்தார்கள். கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். வாசலில் காட்டினார்கள். ஆனால் அந்த 47 அமைப்புகளில் ஒன்றுகூடக் கார்டைக் கட்டாயமாகக் கேட்கவில்லை! பாங்கி லாக்கரை நினைத்துப் பாருங்கள். உங்கள் சாவி ஒன்று, பாங்கிக்காரர் சாவி ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். உங்கள் சாவியைத் திருடினவன் லாக்கர் முன்னால் விழித்துக்கொண்டு நிற்பான். அதே மாதிரி, பாஸ்வேர்டு என்பது மனதில் இருக்கிற சாவி. கார்டோ, டெலிபோனுக்கு வருகிற ஓ.டி.பி.யோ கையில் இருக்கிற சாவி. காண்ட்ராக்ட் கம்பெனிச் சிப்பந்தியின் பாஸ்வேர்டைத் திருடினவனிடம் அவருடைய கார்டு இருந்திருக்காது. அந்த ஒரு கதவில் இரண்டாவது சாவி கேட்டிருந்தால் அவன் காரியம் அவ்வளவு சுலபத்தில் நடந்திருக்காது. விசாரணைக் கமிட்டியும் இதைத்தான் எழுதிற்று.

இதில் இன்னும் வேடிக்கை யாதெனில், சங்கதி வெளியான 2015 ஜூன் மாதத்தில், முப்பது நாளைக்குள் எல்லா இலாகாக்களும் இரண்டாவது சாவியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு போயிற்று. 42 சதவிகிதமாக இருந்தது 72 சதவிகிதமாக ஏறிவிட்டது. பத்து வருஷமாக முடியாது, பழைய மெஷின், பணம் போதாது, சிப்பந்திகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லி வந்தது, முப்பது நாளில் இவ்வளவு தூரம் முடிந்தது என்றால், முடியாது என்று சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறேன்.

சிலர், விவரங்களையெல்லாம் சங்கேத எழுத்தாக மாற்றி வைத்திருந்தால் போதுமே என்று சொல்வார்கள். அது வேண்டியதுதான். ஆனால், அதுவே எல்லாவற்றுக்கும் மருந்து என்று நினைத்துவிடக் கூடாது. அந்த விசாரணையிலேயே பாதுகாப்பு இலாகா அதிகாரி ஒருவர், உள்ளே வந்தவனிடம் முறையான பெயரும் பாஸ்வேர்டும் இருந்ததனால் சங்கேதம் இந்தத் திருட்டைத் தடுத்திருக்காது என்று ஒப்புக்கொண்டார். முறையான ஆள் கேட்டால் கம்ப்யூட்டர் சங்கேதத்தைப் பிரித்துத்தானே கொடுக்கும்? ஆள் முறையானவன்தானா என்பதல்லவா கேள்வி!

இவ்வளவுக்கும் அடிப்படை என்னவென்றால், சுவருக்கு வெளியே இருக்கிறவன் சந்தேகத்துக்குரியவன், உள்ளே வந்துவிட்டவன் சுத்தமானவன் என்கிற எண்ணமேயாகும். (இந்த எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதல்ல, அதைப் பற்றி வேறு கூட்டங்களில் நிறையப் பேசியாகிவிட்டது.) அந்த எண்ணத்தைக் கைவிட அமெரிக்க சர்க்காருக்கு இன்னும் ஏழு வருஷம் ஆயிற்று. 2022 ஜனவரியில்தான், உள்ளே இருக்கிறவன் என்பதற்காக யாரையும் நம்பாதே, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கதவிலும் ருசுக் கேள் என்கிற திட்டத்தை எல்லா இலாகாக்களுக்கும் எழுத்து மூலம் விதித்தார்கள்.

நிற்க. ஓ.பி.எம். தலைவி கேதரின் ஆர்ச்சுலெட்டா 2015 ஜூலை 10-ந் தேதி இராஜிநாமா செய்தார். நஷ்டப்பட்டவர்கள் போட்ட வழக்கு 2022-ல் 6 கோடியே 30 லட்சம் டாலருக்கு ராஜியாயிற்று. 2 கோடியே 15 லட்சம் பேருக்கும் பங்கு போட்டால் ஆளுக்கு மூன்று டாலர்கூட ஆகாது. அதுவும் எல்லோருக்கும் இல்லை, நஷ்டத்தை ருசுப்படுத்தினவர்களுக்குத்தான்.

நெட்வொர்க்குக்குப் பூட்டுப் போட்டுவிட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. இங்கிலாந்தில் 2007-ல் நடந்ததைப் பாருங்கள். அங்கே குழந்தைகளுக்கு உதவித் தொகை கொடுக்கிற கணக்கு வருமான வரி இலாகாவிடம் இருந்தது. தணிக்கை ஆபீசு, ஒரு மாதிரிப் பரிசோதனைக்காகச் சில விவரங்கள் கேட்டது. பாங்கிக் கணக்கு முதலியவை எங்களுக்கு வேண்டாம், எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்றும் கேட்டது. தனியாகப் பிரித்து எடுப்பதென்றால் செலவாகும் என்று வரி இலாகா சொல்லிற்று. ஆகவே 72 லட்சத்து 50 ஆயிரம் குடும்பங்களின், அதாவது 2 கோடியே 50 லட்சம் ஜனங்களின் பெயர், விலாசம், பிறந்த தேதி, பாங்கிக் கணக்கு எல்லாவற்றையும் இரண்டு டிஸ்க்கில் ஏற்றி, சங்கேதம் செய்யாமல், பதிவுத் தபாலில்கூட அல்லாமல், அக்டோபர் 18-ந் தேதி சாதாரணமாக அனுப்பினார்கள். போய்ச் சேரவில்லை. என்ன செய்தார்கள்? இன்னொரு பிரதி எடுத்து, இந்தத் தடவை பதிவுத் தபாலில் அனுப்பினார்கள்! முதல் இரண்டு டிஸ்க்கும் அகப்படவே இல்லை.

நவம்பர் 20-ந் தேதி நிதி மந்திரி அலிஸ்டர் டார்லிங் பார்லிமெண்டில் எழுந்து இதைச் சொன்னபோது, கீழ்நிலைச் சிப்பந்தி ஒருவர் விதிகளை மீறிச் செய்ததாகவே சொன்னார். பத்திரிகைகளும் அந்தக் குமாஸ்தாவைத்தான் தேடி ஓடின. மறு வருஷம் விசாரணை ரிப்போர்ட் வந்தது. தனிப்பட்ட எந்தச் சிப்பந்தியின் மேலும் குற்றம் இல்லை, அந்த இலாகாவின் அமைப்பும் மேல் நிர்வாகத்தின் அலட்சியமுமே காரணம் என்று அதில் கண்டது. இலாகாத் தலைவர் சங்கதி வெளியான அன்றைக்கே இராஜிநாமா செய்துவிட்டார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் மந்திரி வாயில் முதலில் வந்த வார்த்தை எது? ‘கீழ்நிலைச் சிப்பந்தி’ என்பதுதானே?

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். எந்த ஆபீசு என்று சொல்ல மாட்டேன். உங்களில் பலருக்கு உங்கள் ஆபீசு மாதிரியே இருக்கும். எங்கள் பெரிய அதிகாரிக்கு டிஜிட்டல் கையெழுத்துப் போடுவதற்கு பென்டிரைவ் மாதிரி ஒரு சின்ன டோக்கன் கொடுத்திருந்தார்கள். அது அவர் சட்டைப் பையில் ஒரு நாளாவது இருந்து நான் பார்த்ததில்லை. என் மேஜை டிராயரில், பசைப் புட்டிக்குப் பக்கத்தில் இருக்கும். அதன் இரகசிய எண் டிராயரின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கும். அவருக்கு வேலை அதிகம், ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து கையெழுத்துப் போட முடியாது என்பது காரணம். அவர் லீவில் இருந்த நாளில்கூட அவர் கையெழுத்து ஆபீசுக்கு வந்து வேலை செய்து கொண்டிருந்தது! ஒரு நாள் அவர் கணக்கிலிருந்து ஜனங்களின் விவரப் பட்டியல் ஒன்று வெளி ஆள் கைக்குப் போய்விட்டது. மெமோ யாருக்கு வந்தது? எனக்கு. டோக்கனை ஜாக்கிரதையாக வைத்துக்கொள்ளவில்லை என்பது குற்றச்சாட்டு. அது என்னுடைய டோக்கனே அல்லவே என்று நான் எழுதின பதில், கீழ்ப்படியாமை என்கிற இன்னொரு குற்றமாயிற்று. இரண்டு வருஷம் இன்கிரிமெண்ட் நின்றது. நான் அழுவதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டாவது சாவி என்பதைச் சட்டம் போட்டு ஏற்படுத்தினாலும், பெரியவர்களுக்கு அது தொந்தரவு என்று அவர்களுக்கு மாத்திரம் விலக்குக் கொடுத்துவிட்டால் அந்தச் சாவியினால் பிரயோஜனம் இல்லை என்பதற்காகச் சொல்லுகிறேன். திருடன் யாருடைய கணக்கைத் தேடுவான்? அடிமட்ட டைப்பிஸ்டின் கணக்கையா, எல்லாக் கதவும் திறக்கிற அதிகாரியின் கணக்கையா?

விலக்கு என்பதைப் பற்றிச் சொல்லும்போது நம் நாட்டுச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறிற்று. விவரங்களுக்குத் தக்க பாதுகாப்புச் செய்யத் தவறினவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரையில் அபராதம் என்று அதில் இருக்கிறது. படிக்கும்போது வாய் இனிக்கிறது. 17-வது பிரிவுக்குப் போனால், தேசப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக, மத்திய சர்க்கார் எந்த சர்க்கார் ஸ்தாபனத்தைக் குறிப்பிட்டு அறிவிக்கிறதோ அதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று இருக்கிறது. மளிகைக் கடைக்காரனுக்குச் சட்டம். நம்மிடம் கட்டாயமாக விவரம் வாங்குகிற இடத்துக்கு விலக்குக் கொடுக்க வழி! இதற்கு நியாயம் சொல்லுகிறவர்கள் முன்வந்து சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

இனி, நம் கையில் இருக்கிற காரியம் எது? கேட்கத் தேவையில்லாததைக் கேட்காமல் இருப்பதே முதல் காவல். இல்லாத விவரத்தை எந்தத் திருடனாலும் திருட முடியாது. ஒரு சான்றிதழுக்கு மனுக் கொடுக்க வருகிறவளிடம் ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், பாங்கிப் புத்தக நகல் என்று மூன்று ஜெராக்ஸ் வாங்கி, மூன்றையும் ஸ்கேன் செய்து ஏற்றி வைக்கிறோமே, எதற்கு? பழைய படிவத்தில் கேட்டிருந்தது, அதனால் கேட்கிறோம். அப்பா செய்தார், அதனால் செய்கிறேன் என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஓ.பி.எம்.மில் 2000-ம் வருஷம் முதல் மனுக் கொடுத்தவர்களின் படிவமெல்லாம் ஒரே இடத்தில் குவிந்து கிடந்ததனால்தான் அவ்வளவும் ஒரே வாரலில் போயிற்று.

அடுத்தபடி, மாற்றலாகிப் போனவரின் கணக்கு. இன்று சாயங்காலம் மாற்றல் என்றால் இன்று சாயங்காலமே கணக்கை மூட வேண்டும். காண்ட்ராக்ட் ஆட்களுடையதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். யாருக்கு எந்த விவரம் வேலைக்குத் தேவையோ அந்த விவரம் மட்டும் திறந்தால் போதும்; அதிகாரிக்கும் அப்படியே. யார் எப்பொழுது எதைத் திறந்தார் என்கிற பதிவேட்டை வைத்திருக்க வேண்டும். நம் நாட்டிலேயே செர்ட்-இன் என்கிற ஸ்தாபனம் 2022 ஏப்ரல் உத்தரவில், இந்தப் பதிவேட்டை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கசிவு தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஓ.பி.எம்.மில் பழைய பதிவேடு சரியாக இல்லாததனால், முதல் திருடன் என்னென்ன செய்தான் என்பதை முழுவதும் சொல்ல முடியாமலே போயிற்று. பதிவேடு இருந்தால் மட்டும் போதாது. நடு ராத்திரியில் ஒரு கணக்கு பத்தாயிரம் பெயரை வெளியே அனுப்பினால் அப்பொழுதே மணி அடிக்க வேண்டும். ஒருவர் எழுந்து பார்க்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பச் சொல்லுகிற மேலதிகாரியைப் பற்றி ஒரு தோழர் துண்டுச் சீட்டில் எழுதிக் கேட்டிருக்கிறார். “மறுத்தால் வேலைக்கு ஆபத்து, அனுப்பினால் ஜனங்களுக்கு ஆபத்து, நான் என்ன செய்வது?” என்பது கேள்வி. நல்ல கேள்வி. உத்தரவை எழுத்தில் கொடுங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அங்கேயே பின்வாங்கி விடுவார்கள். எழுத்தில் கொடுக்கிற பத்துப் பேருக்கு என்ன செய்வது என்றால், தனியாக ஒருவர் எதிர்த்து நிற்க முடியாதுதான். அதற்காகத்தானே சங்கம் வைத்திருக்கிறீர்கள்?

இன்னொரு சீட்டு, ஒரு அம்மாள் எழுதியது. “தெரியாமல் ஒரு பொய்யான மெயிலைத் திறந்து பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டேன்; சொன்னால் சஸ்பெண்டு செய்வார்கள் என்று மூன்று நாளாகச் சொல்லவில்லை.” பெயர் போடவில்லை; போட வேண்டியதும் இல்லை. அம்மா, இன்றிரவே பாஸ்வேர்டை மாற்றுங்கள். நாளைக் காலையில் சங்கச் செயலாளரைக் கூட அழைத்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். உங்களை அந்த மூன்று நாளும் வாயைத் திறக்க விடாமல் வைத்திருந்தது உங்கள் அறியாமை அல்ல, அந்த சஸ்பென்ஷன் பயம். அந்த பயம்தான் திருடனுக்கு நாள் கொடுக்கிறது.

ஆகவே, இக்கூட்டத்தில் கொண்டுவரப் போகிற தீர்மானத்தை நான் ஆதரிக்கிறேன். தன் தவறுதலை அன்றைக்கே தெரிவிக்கிற சிப்பந்தியின் மேல் அதற்காக நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பது அதன் முதல் பகுதி. அதிகாரியின் டோக்கன் அதிகாரியிடமே இருக்க வேண்டும், வேறொருவரிடம் இருக்கக் கண்டால் அதிகாரியே பொறுப்பாளி என்பது இரண்டாம் பகுதி. இரண்டாவதை எழுதினது நான்தான். தலைவர் அவர்கள் இப்பொழுது தீர்மானத்தை வாசிப்பார்கள்.